மரச்சீனிக் கிழங்கின் முதல் தண்ணீரை ஏன் கொட்டுகிறோம்?

கேள்வி இதுதான். மதுரைப் பக்கமிருந்து மார்த்தாண்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த ஒருவர் கேட்கிறார்: மாமியார் மரச்சீனிக் கிழங்கை அகலப் பாத்திரத்தில் மூடாமல் வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைக்கிறார். குக்கரில் வைக்க விடுவதில்லை. சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடாதா? இது காரணம் இல்லாத பழக்கமா? இந்தக் கிழங்கே கேரளத்தின் சொத்துதானே?

மாமியார் செய்வது சரி, அதில் எதையும் மாற்ற வேண்டாம். கிழங்கில் இயல்பாகவே நஞ்சு உண்டு, முதல் தண்ணீரோடு போவது அதுதான். கிழங்கு கேரளத்தின் சொத்து என்பதுதான் தவறு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதால் வரலாற்றையும் சமையலையும் சேர்த்தே சொல்கிறேன்.

மரச்சீனி, கப்பை, மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்று எந்தப் பெயரில் சொன்னாலும் இதன் தாய்வீடு தென் அமெரிக்கா. அமேசான் காட்டின் தென்விளிம்பில், இன்றைய பிரேசில் பகுதியில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டுச்செடியை வீட்டுச்செடியாக்கிவிட்டார்கள். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் ஹோயா தெ செரென் என்ற கிராமம் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. 2007-இல் அங்கே தோண்டியபோது மரச்சீனித் தோட்டமே அப்படியே கிடைத்தது. கிழங்கும் தண்டும் மக்கிப்போய், அவை இருந்த இடம் சாம்பலுக்குள் பொந்தாக நின்றது. அதில் காரையை ஊற்றி வார்த்து எடுத்துப் பார்த்தார்கள். அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்குத் தண்டை வெட்டிப் பாத்தியில் படுக்கவைத்திருந்தார்கள். நம்மூரில் செங்குத்தாக நடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த மக்கள் இதை வெறுமனே வேகவைத்துத் தின்னவில்லை. அமேசான்காரர்களின் முக்கிய உணவு கசப்பு வகைக் கிழங்கு. எலியும் பன்றியும் சுலபத்தில் தொடாது என்பது அதன் பெரிய வசதி. அதைத் துருவி, திப்பித்தி என்ற நீண்ட ஓலைக்குழாயில் திணிப்பார்கள். குழாயின் மேல்முனையை மரத்தில் கட்டி, கீழ்முனையில் பாரத்தைத் தொங்கவிட்டால் குழாய் நீண்டு இறுகி, சாறு முழுவதும் பிழிந்து வந்துவிடும். சக்கையைப் பெரிய சட்டியில் வறுத்து மாவாக்குவார்கள். பிழிந்த சாற்றைக்கூட நெடுநேரம் காய்ச்சித்தான் குழம்பில் சேர்ப்பார்கள்.

போர்ச்சுகீசியர் இந்தத் தண்டுகளைக் கப்பலேற்றி 16-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கும், பிறகு மலபார்க் கரைக்கும் கொண்டுபோனார்கள். தண்டு சுலபமாகப் பயணம் செய்யும், செய்முறை அப்படிச் செய்யாது. மேற்கு ஆப்பிரிக்காவில் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து வறுக்கும் காரி மாவு பரவலானதே, பிரேசிலிலிருந்து திரும்பிவந்த விடுதலை பெற்ற அடிமைகளால்தான் என்று சொல்லப்படுகிறது. செடி போய்ச் சேர்ந்து பல தலைமுறை கழிந்த பிறகு அது. மக்காச்சோளத்துக்கும் இதுவே நடந்தது. மெக்சிகோக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அந்த வழக்கம் இல்லாமல் சோளம் மட்டும் ஐரோப்பா போனதால் இத்தாலியின் ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோய் வந்தது.

நம் பக்கம் அந்த அளவு விபரீதம் நேராததற்குக் காரணம், இங்கே நிலைத்தவை பெரும்பாலும் நஞ்சு குறைந்த இனிப்பு வகைகள். அவற்றுக்குத் திப்பித்தி தேவையில்லை, வேகவைத்து வடித்தால் போதும்.

ஆனால் வந்ததும் யாரும் அள்ளித் தின்றுவிடவில்லை. நெடுங்காலம் இது ஓரத்தில் கிடந்த செடிதான். திருவிதாங்கூரில் இதைப் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மாவுக்குப் போகிறது. பஞ்ச காலத்தில் நெல்லை மட்டும் நம்பினால் நடக்காது என்று புதுத் தண்டுகளைக் கொடுத்து நடச் சொன்னார். நஞ்சு என்று ஜனங்கள் பயந்ததால், அரண்மனையிலேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுக் காட்டினார் என்றும், எப்படிச் சமைப்பது என்று அறிவிப்பே கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ஆட்சி ஐந்தே வருடம்தான். அதற்குள் ஒரு ஊரின் சாப்பாட்டையே மாற்றியவர்கள் அதிகம் இல்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களில் ஒன்றின் பெயர் ஸ்ரீ விசாகம்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், நம் தட்டில் கிழங்கு வந்த வழி விளங்கும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் வயல்காடு, அங்கே நெல்லுக்குக் குறைவில்லை. விளவங்கோடும் கல்குளத்தின் மேட்டுப்பகுதியும் செம்மண், சரளைமண் சரிவு. சின்னச் சின்ன விளைகள் (தோட்டத் துண்டுகள்), மழையை நம்பிய சாகுபடி. அங்கேதான் மரச்சீனி வேரூன்றியது. குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இது பலகாரம் அல்ல, சாப்பாடு என்பதற்குக் காரணம் இந்த நில அமைப்புதான்.

இனி நஞ்சு என்ன என்பதைப் பார்ப்போம். கிழங்கின் உயிரணுக்களுக்குள் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதுவாகச் சும்மா கிடக்கும். அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி அதே உயிரணுவின் சுவரில் தனியாக இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு வராது, குழைத்தால்தான் ஆரத்தி. அதுபோலத்தான் இதுவும். வெட்டினாலோ துருவினாலோ எலி கடித்தாலோ இரண்டும் கலக்கும், ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். செடிக்கு அது தற்காப்பு. இந்தச் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். அதாவது நம்மூர் அறை வெப்பத்திலேயே பறந்து போகிற பொருள். அதனால் சயனைடு பிறந்துவிட்டால் பயம் குறைவு. உடையாமல் கிழங்கிலேயே தங்கி, வயிற்றுக்குள் போய் உடைகிற லினமாரின்தான் தொல்லை.

சமையல் முறை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். நொதிக்கு வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டும், மிச்ச லினமாரினைத் தண்ணீரில் கரைத்து வெளியே ஊற்ற வேண்டும், ஆவி போக வழி விட வேண்டும்.

ஒரு கிலோ கிழங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் பழுப்பாக, காகிதம்போல் இருக்கும். அதற்குக் கீழே வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ கனமான ஒரு தொலி. கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, நுனியை நெம்பினால் இரண்டும் ஒரே சுருளாக உரிந்து வரும். கனத் தொலியை விடாமல் எடுங்கள், சதையைவிட அதில் நஞ்சு அதிகம். நெடுக்கில் பிளந்து நடுநாரை உருவிவிட்டு, இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் நறுக்குங்கள். சின்னத் துண்டு என்றால் நஞ்சு நிறையக் கரையும், பெரிய கட்டையாகப் போட்டால் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். நறுக்கியதைக் கழுவி அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

அடுத்ததுதான் பலரும் தவறவிடும் இடம். கொதிக்கிற தண்ணீரில் கிழங்கைப் போடக்கூடாது. பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்பை மிதமாக வைத்துச் சூடேற்ற வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் நொதி செயலிழந்துவிடும். மெல்லச் சூடேறும் அந்தப் பத்து நிமிடம்தான் அது உழைக்கும் நேரம். கிழங்கைப்போல நாலைந்து மடங்கு தண்ணீர் வேண்டும், மூடி வேண்டாம். கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் வடித்துக் கொட்டிவிட்டு, தனியாகக் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றி, உப்புப் போட்டு, கரண்டியால் அமுக்கினால் உடையும்வரை வேகவிடுங்கள். உப்பை முதல் தண்ணீரில் போட்டால் அதையும் சேர்த்துக் கொட்டுவீர்கள். நல்ல கிழங்கு மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் பூவாக மலரும்.

தேங்காய், சீரகம், பூண்டு, காந்தாரி மிளகாய், மஞ்சள் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு மயக்குவது பிறகு. மஞ்சள் நஞ்சை எடுக்கும் என்று சிலர் சொல்வார்கள், எடுக்காது. நிறமும் மணமும் தரும், அவ்வளவே. காந்தாரியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டியில் பாதிப் பொருள் கப்பலில் வந்தது.

குக்கருக்கு வருவோம். குக்கரில் ஆபத்து சூட்டினால் அல்ல. கிழங்கு மூழ்கும் அளவு கொஞ்சம் தண்ணீர் விட்டு, சட்டென்று சூடேற்றி, அந்தத் தண்ணீரோடு அப்படியே மசித்துவிடுகிறோம். நொதிக்கு நேரமில்லை, கரைந்ததைக் கொட்டவுமில்லை. குக்கர்தான் வேண்டும் என்றால் முதல் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் முடித்துக் கொட்டிவிட்டு, இரண்டாவதைக் குக்கரில் வையுங்கள். சத்து போகுமே என்றால், போவது கொஞ்சம் வைட்டமின் சி. கிழங்கில் நமக்கு வேண்டியது மாவுச்சத்து, அது எங்கும் போகாது.

எத்தனை வேகவைத்தாலும் மெழுகாக, கண்ணாடிபோல் நிற்கும் கிழங்கும் உண்டு. உங்கள் கைப்பிழை இல்லை அது. கோடையில் இலையுதிர்ந்து நின்ற செடி, மழை விழுந்ததும் கிழங்கிலிருக்கும் மாவை எடுத்துத்தான் புது இலை விடும். அந்த நேரத்தில் பிடுங்கினால் மாவு குறைந்து தண்ணீர் ஏறியிருக்கும்.

கசப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ‘கட்டு’ என்பார்கள். வாடல் காலத்தில், வறட்சியில் விளைந்த கிழங்கில் அதிகமாக இருக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரக் குறியீட்டில் இனிப்புக் கிழங்கு என்பதற்கு வரம்பு, ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவான சயனைடு. வீட்டில் அளக்க முடியாது. துண்டு ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்புங்கள். நாக்கில் கசப்பு நின்றால் அந்தக் கிழங்கே வேண்டாம். கசக்கவில்லை என்பதால் நஞ்சே இல்லை என்றும் ஆகாது, அதனால்தான் நல்ல கிழங்கிலும் முதல் தண்ணீரைக் கொட்டுகிறோம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி என்றால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிழங்கு சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள்.

கிழங்குக்கு மீன் என்பது வெறும் ருசிக்கூட்டு இல்லை. உடலுக்குள் போகும் கொஞ்சநஞ்ச சயனைடை ஈரல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அதற்குக் கந்தகம் வேண்டும், அது வருவது மெத்தியோனின், சிஸ்டீன் போன்ற புரதக்கூறுகளிலிருந்து. கிழங்கில் புரதம் மிகவும் குறைவு. சாளையிலும் சூரையிலும் நெத்திலியிலும் தாராளம். தயோசயனேட் கூடினால் தைராய்டுக்கு அயோடின் போய்ச் சேருவது தடைபடும். கடல்மீனில் அயோடினும் உண்டு. ஒரு கூட்டு இரண்டு பக்கமும் அடைக்கிறது.

மீன் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. கோன்சோ என்று ஒரு நோய் உண்டு. இரண்டு காலும் திடீரென்று விறைத்து முடங்கும், திரும்பாது. 1938-இல் காங்கோவில் முதலில் எழுதிவைத்தார்கள். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் வறட்சியின்போது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது, பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கசப்புக் கிழங்கை ஊறவைத்துக் காயவைக்கப் பல நாள் ஆகும். பசி அவசரத்தில் அதைச் சுருக்கினார்கள், கூடச் சாப்பிட வேறு எதுவுமில்லை. கேரளத்தில் கணையத்தில் கல் உண்டாகும் நோய்க்கும் கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை, ஸ்பிங்க்1 என்ற மரபணு மாற்றத்தோடு தொடர்பு தெரியவந்தது. ஆகவே நன்றாக வேகவைத்து மீனோடு சாப்பிடுகிறவர் பயப்பட ஒன்றுமில்லை.

மரச்சீனி உண்மையாகவே சோற்றின் இடத்தைப் பிடித்தது இரண்டாம் உலகப்போரில். திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கைக் கப்பலில் வரவழைத்தது, அதில் பர்மா அரிசி முக்கியம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வரத்து நின்றுபோனது. விளையில் நின்ற கிழங்குதான் அப்போது கைகொடுத்தது. 1970-களின் நடுவில் கேரளத்தில் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த மரச்சீனி, பின்னால் ரப்பரும் ரேஷன் அரிசியும் வந்து சுருங்கியது. ரப்பர் கன்று சிறிதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் ஊடுபயிராகப் போடுவது இன்றும் உண்டு.

அதே போர்தான் சேலத்து ஜவ்வரிசியையும் உண்டாக்கியது. அதுவரை ஜவ்வரிசி மலேயா, ஜாவாப் பக்கமிருந்து வந்தது. மூலம் அங்குள்ள சேகோ பனைமரத்தின் சோறு. இறக்குமதி நின்றதும், 1943-இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். இன்று நீங்கள் பாயசத்தில் போடுவது அதுதான், பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆலையில் கிழங்கை அரைத்துத் தண்ணீரில் அலசி மாவைத் தெளியவைப்பதால் நஞ்சு தண்ணீரோடு போய்விடும், ஜவ்வரிசிக்கு இரண்டு தண்ணீர்க் கணக்கு வேண்டாம். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

செடிக்குப் பின்னால் அதன் எதிரியும் வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவின் மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து வயல் வயலாகக் காலி செய்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானி அதன் சொந்த ஊரில் தேடி, அந்தப் பூச்சிக்குள் முட்டையிடும் அனாகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டு அடக்கினார். 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து 2022-இல் சேலம் பக்கத்தில் விட்டார்கள். நுனி சுருண்டு கொத்தாக வெள்ளை படிந்த செடியைப் பார்த்தால் கண்டபடி மருந்தடிக்காதீர்கள், குளவி முதலில் சாகும்.

வீட்டுவிளையில் நட நினைத்தால்: பத்து மாதம் முற்றிய, தேமல் இல்லாத செடியின் நடுத்தண்டை எடுங்கள். நுனிப் பச்சையும் அடிக்கட்டையும் ஆகாது. ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, 90 செ.மீ. இடைவெளியில் கூனை (மண்மேடு) கூட்டி, கணு மேல்நோக்கி இருக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றினால் முளைக்கும், ஆனால் தாமதமாக, நோஞ்சானாக. இரண்டு முளையை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈயும் நோயுள்ள தண்டும். தண்டை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், ஈயை முடியாது, அதனால் தண்டில் கவனம் வையுங்கள். அடுப்புச் சாம்பல் போடும் பழைய வழக்கத்தை விடவேண்டாம். சாம்பல்சத்து கசப்பைக் குறைக்கும், யூரியா அளவுக்கு மீறினால் கூட்டும்.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு விடும். காயம் பட்ட இடம் வழியாகக் காற்றுப் போய் உண்டாவது அது. சந்தையில் வாங்கும்போது காம்போடு இருக்கும் கிழங்கை எடுங்கள், ஒரு முனையை ஒடித்துப் பாருங்கள், வெண்மையாகச் சட்டென்று முறிய வேண்டும். உடனே சமைக்கவில்லை என்றால் ஈரமணலில் புதைத்துவையுங்கள், அல்லது தொலி நீக்கி ஃப்ரீசரில் போடுங்கள். சொந்த விளை என்றால் பிடுங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தலையை வெட்டிவிட்டால் கோடு விழுவது தள்ளிப்போகும்.

காயவைத்த கிழங்கை ராத்திரி முழுவதும் ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டிய பிறகே வேகவையுங்கள். ரொம்ப மெல்லிசாகச் சீவிக் கடும் வெயிலில் போட்டால் சட்டென்று காய்ந்துவிடும், நொதிக்கு நேரமே கிடைக்காது. சற்றுக் கனமாக நறுக்கினால்தான் நஞ்சு அதிகம் போகும். புட்டுக்கு வீட்டில் மாவு இடித்தால், மாவைத் தண்ணீர் விட்டுப் பிசறி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ வைத்துவிட்டு அன்றே அவித்துவிடுங்கள்.

கடைசியாக, ஆடு மாடு இருக்கிற வீடு என்றால் இதைக் கவனியுங்கள். பச்சை இலையில் நஞ்சு மிக அதிகம், வயிறு முட்டத் தின்ற ஆடு அரைமணி நேரத்தில் மூச்சுத்திணறி விழும். கால்நடை மருத்துவரிடம் சோடியம் தயோசல்பேட் ஊசி உண்டு, ஆனால் அவர் வந்து சேர நேரம் இருக்காது. இலையையும் தொலியையும் நறுக்கி வெயிலில் நன்றாக வாடவைத்துக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். சோறு வடித்த கஞ்சியைத் தொட்டியில் ஊற்றுகிற பழக்கத்தில் கிழங்கு வடித்த முதல் தண்ணீரையும் அங்கே ஊற்றிவிடாதீர்கள், அதைச் சாக்கடையில் விடுங்கள்.